வரத்துக்கால் அறுந்த கண்மாய்: இடுப்பு முறிந்தால் எலும்பு ஏன் சாகிறது?

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கண்மாயைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரை பலமாக இருக்கும், மடை சரியாக இருக்கும், கலுங்கும் போன வருஷம்தான் பூசியிருப்பார்கள். ஆனால் மேலே எங்கேயோ வரத்துக்கால் தூர்ந்து போயிருந்தால், குண்டாற்றில் தண்ணீர் போனாலும் கண்மாய்க்குள் விரிசல் விட்ட மண்தான் இருக்கும். பழுது கண்மாயில் இல்லை, அதற்கு வரும் பாதையில் இருக்கு.

நம் இடுப்பு மூட்டுக்குள்ளும் இப்படி ஒரு கண்மாய் இருக்கு. தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து. மருத்துவர்கள் அதைத் தொடை எலும்பின் தலை என்பார்கள். ரத்தம் வரும் பாதை அறுந்தால் அந்தப் பந்து உள்ளேயே செத்துப் போகும். இதற்கு அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்று பெயர், சுருக்கமாக ஏவிஎன். இன்ஜினியரிங் காலேஜ் இதழில் எலும்பு மருத்துவம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நோயைப் புரிந்துகொண்டதில் பாதி வேலை இன்ஜினியர்கள் செய்தது. இன்னொரு காரணமும் இருக்கு. வீட்டில் அப்பத்தா வழுக்கி விழும் அன்றைக்குப் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கப்போவது டாக்டர் இல்லை, லீவுக்கு ஊருக்கு வந்த நீங்கள்தான்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். தொடை எலும்பு நேராக மேலே போய் இடுப்புக் குழிக்குள் நுழைவதில்லை. மேலே வந்ததும் உள்பக்கமாக வளைந்து, சுமார் 125 முதல் 135 டிகிரி கோணத்தில் ஒரு கழுத்து கிளம்புகிறது. கழுத்தின் முனையில் நாலரை, அஞ்சு செ.மீ. விட்டத்தில் பந்து. சிவில் மாணவர்கள் இதைப் பார்த்ததும் கேன்டிலீவர் என்பார்கள். சரிதான். 1860களில் சூரிச் நகரில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு பேராசிரியர், குறுக்கே அறுத்த தொடை எலும்பின் உள்ளே தெரிந்த மெல்லிய எலும்புக் கம்பிகளின் வரிசையைக் காட்டினார். அதைப் பார்த்த கார்ல் குல்மன் என்ற கட்டமைப்பு இன்ஜினியர், தான் வளைந்த கிரேனுக்கு வரைந்த அழுத்தக் கோடுகளும் இதுவும் ஒன்று போல இருப்பதைக் கவனித்தார். எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று 1892இல் யூலியஸ் வோல்ஃப் எழுதிய விதிக்கு இதுவும் ஒரு அடித்தளம்.

வயதாக ஆக இந்தக் கம்பி வரிசைகள் ஒவ்வொன்றாக எக்ஸ்ரேயில் மறையும். எது முதலில் போகும், எது கடைசி வரை நிற்கும் என்று வரிசைப்படுத்தி, எலும்புத் தேய்மானத்துக்கு ஒரு அளவுகோல் தந்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள்தான். 1970இல் சிங், நாக்ராத், மைனி மூவரும் வெளியிட்டது. உலகம் முழுக்க இன்றைக்கும் சிங் இன்டெக்ஸ் என்றே சொல்கிறார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும்.

இப்போது ரத்தம். பந்துக்கு ரத்தம் நேரடியாகக் குழிப் பக்கத்திலிருந்து வருவதில்லை. (குழியையும் பந்தையும் இணைக்கும் ஒரு சின்னத் தசைநார் வழியாகக் கொஞ்சம் வரும், பெரியவர்களுக்கு அது போதாது.) பெரும்பகுதி, தொடையில் ஓடும் தமனியின் ஒரு கிளை கழுத்தின் அடியைச் சுற்றி வந்து, அங்கிருந்து மெல்லிய குழாய்களாகப் பிரிந்து, கழுத்தின் மேல் ஒட்டிக்கொண்டே ஊர்ந்து மேலே போய்த்தான் பந்துக்குள் நுழைகிறது. அதாவது வரத்துக்கால் கழுத்தின் மேலேயே ஓடுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அதுவும் கிழியும், அல்லது முறுக்கிக்கொள்ளும். போதாததற்கு இந்த இடம் முழுக்க மூட்டுறை என்ற பைக்குள் இருக்கு. உள்ளே கசியும் ரத்தம் வெளியேற வழியில்லாமல் பைக்குள் அழுத்தம் ஏறி, கிழியாமல் தப்பிய குழாயையும் நெரிக்கலாம்.

அதனால்தான் ரெண்டு அங்குல வித்தியாசத்தில் விதியே மாறுகிறது. மூட்டுறைக்கு வெளியே, கழுத்து தண்டோடு சேரும் முண்டுப் பகுதியில் முறிந்தால், சுற்றிலும் சதை, சுற்றிலும் ரத்தம். அந்த முறிவு கூடிவிடும், பந்தும் பெரும்பாலும் சாகாது. மூட்டுறைக்கு உள்ளே கழுத்தில் முறிந்தால் கூடுவதே சந்தேகம். இந்த வித்தியாசத்தை எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1820களில், லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் எழுதிவிட்டார். பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிடுவதால்தான் உள்முறிவு கூடுவதில்லை என்றும் சொன்னார். 1935இல் கெல்லாக் ஸ்பீட் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்குத் தீர்வு காணப்படாத முறிவு என்றே பெயர் வைத்தார்.

அதே 1935இல்தான் ஃபிரெட்ரிக் பாவெல்ஸ் என்ற ஜெர்மானியர் இன்ஜினியர் கண்ணோடு இந்த முறிவைப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: முறிவுக்கோடு கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கு? நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான். சுமை செங்குத்தாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு 30 டிகிரி என்றால் முறிவின் இரு முகங்களையும் சேர்த்து அழுத்தும் பங்கு காஸ் 30, அதாவது 0.87. வழுக்கித் தள்ளும் பங்கு சைன் 30, அதாவது 0.5. அழுத்தம் ஜெயிக்கிறது, எலும்பு கூடும். கோடு 70 டிகிரி என்றால் கணக்கு தலைகீழ்: அழுத்தம் 0.34, வழுக்கல் 0.94. ஒவ்வொரு அசைவிலும் பந்து கீழே சரியும். எந்த ஸ்க்ரூவைப் போட்டாலும் அது அந்த வழுக்கலோடுதான் சண்டை போட வேண்டும். பைக்கிலிருந்து தூக்கி வீசப்படும் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் செங்குத்தான கோடுதான் வரும்.

சுமை எவ்வளவு என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கிறார். நிற்கும் காலின் எடையைக் கழித்தால் மூட்டுக்கு மேல் 50 கிலோ. அந்த எடையின் மையம் மூட்டிலிருந்து சுமார் 12.5 செ.மீ. உள்பக்கம். இடுப்பு சரியாமல் பிடித்து நிறுத்தும் வெளிப்பக்கத் தசைக்குக் கிடைப்பது வெறும் 5 செ.மீ. கை. ஆக, தசை 125 கிலோ விசையில் இழுக்க வேண்டும். மூட்டின் மேல் மொத்தம் 175 கிலோ, உடல் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்து நோயாளிகளை நடக்கச் சொல்லி அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு, தடுக்கித் தடுமாறும்போது ஏழெட்டு மடங்கு வரை. தடுமாறி, விழாமல் சமாளித்த அப்பத்தாவின் இடுப்புக்கும் அந்த நொடியில் இத்தனை சுமை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ரத்தம் நின்றால் எலும்புக்குள் என்ன நடக்கும்? மஜ்ஜையின் செல்கள் சில மணி நேரத்தில் சாகும். எலும்புச் செல்கள் ஒன்றிரண்டு நாளில். ஆனால் பந்து அன்றைக்கு உடையாது. எலும்பின் பலம் செல்லில் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் கொலாஜனும் சேர்ந்த சட்டத்தில் இருக்கு. ஆள் காலி செய்த வீடு மறுநாளே இடிந்து விழுவதில்லை, அது போலத்தான். எக்ஸ்ரே எடுத்தாலும் எதுவும் தெரியாது. சில வாரம் கழித்து எடுத்தால் ஒரு வேடிக்கை தெரியும்: சுற்றியுள்ள உயிருள்ள எலும்பு வேலையில்லாமல் சுண்ணாம்பை இழந்து மங்கலாக இருக்கும், செத்த பந்து பழையபடி வெள்ளையாக இருக்கும். படத்தில் பளிச்சென்று இருப்பதுதான் பிணம்.

பந்தை உடைப்பது சாவு இல்லை, பழுதுபார்ப்பு. ஓரத்திலிருந்து புது ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே ஊர்ந்து வரும். கூடவே வரும் செல்களில் ஒரு வகை செத்த எலும்பை அரித்து எடுக்கும், இன்னொரு வகை புது எலும்பு வைக்கும். பிரச்சினை, எடுப்பது வேகம், வைப்பது மெதுவு. பழைய தூணை உருவிவிட்டுப் புதுத் தூண் காயும்வரை முட்டுக் கொடுக்காமல் மாடியில் ஆட்களை நடக்க விட்டால் என்ன ஆகும்? அதே கதை. அந்த இடைவெளியில் குருத்தெலும்புக்கு நேர் கீழே ஒரு விரிசல் ஓடும். எக்ஸ்ரேயில் அது மூன்றாம் பிறை மாதிரி மெல்லிய வளைவாகத் தெரியும். மருத்துவர்களும் அதைப் பிறை அடையாளம் என்றுதான் சொல்கிறார்கள். பிறை தெரிந்துவிட்டால் உருண்டையாக இருந்த பந்து தட்டையாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் குழியும் தேயும்.

இதற்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். ஸ்க்ரூ போட்டு, முறிவும் கூடி, ஆள் கொல்லை வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகு திடீரென்று தொடை இடுக்கில் வலி வரும். "ஆபரேஷன் சரியில்லைய்யா" என்பார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்திருக்கலாம். விழுந்த அன்றைக்கே வரத்துக்கால் அறுந்திருக்கும். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், விலகாத கழுத்து முறிவை விட விலகிய முறிவில் ஏவிஎன் பல மடங்கு அதிகம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அதனால்தான் முறிவு கூடிய பிறகும் ரெண்டு, மூணு வருஷம் வந்து படம் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் தையல் பிரித்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

கதை எதிர்த்திசையிலும் ஓடும். முதலில் விழாமலேயே பந்து சாகலாம், பிறகு உடையலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய குடி இவை ரெண்டும் பெரிய காரணங்கள். ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயந்து நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பயப்பட வேண்டியது மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் பேர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மாத்திரைக்கும் பொடிக்கும். ரெண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிறது என்றால் உள்ளே என்ன இருக்கு என்று சந்தேகப்படுங்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2021இல், மும்பை மருத்துவர்கள் தொற்றின்போது ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு ஏவிஎன் வந்ததைப் பதிவு செய்தார்கள். அரிவாள் செல் ரத்தசோகை இன்னொரு காரணம். வளைந்த சிவப்பணுக்கள் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். இந்தியாவில் அந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல்.

இந்த வகையில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுக்கும். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு: இடுப்பு மூட்டின் வலியை மூளை சில சமயம் முழங்காலில் உணரும். முப்பது வயது ஆள் முட்டி வலி என்று முட்டியைப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் திரிவார். முட்டியில் எதுவும் இல்லை என்றால் இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

கழுத்து முறிவில் இந்தியாவுக்கென்று தனி அத்தியாயமே இருக்கு. கவனிக்கப்படாத கழுத்து முறிவு என்று பெயர். முறிந்து மூணு வாரம் கழித்துத்தான் மருத்துவமனைக்கு வருவது. பணக்கார நாடுகளின் பாடப்புத்தகத்தில் இது ஓரமாகத்தான் வரும், நம் நாட்டு எலும்பு மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வரும். அமிர்தசரஸில் சந்து இதை நிலைகளாக வகைப்படுத்தினார். சண்டிகரில் நாகி, முட்டிக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஸ்க்ரூவோடு கழுத்துக்குள் செருகினார். கொல்கத்தாவில் பக்ஷி, எலும்புத் துண்டைச் சதையோடும் அதன் ரத்த ஓட்டத்தோடும் சேர்த்தே பெயர்த்து முறிவின் மேல் பதித்தார். பழைய வரத்துக்கால் போச்சு, பக்கத்து ஓடையிலிருந்து புதுசா ஒன்று வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூணு வாரம், மூணு மாதம் தாமதித்து வரும் இளைஞரின் பந்தைக் காப்பாற்ற இவ்வளவு மூளையைச் செலவழித்த நாடு நம்முடையது. பெருமையா வருத்தமா தெரியவில்லை.

ஏன் தாமதம்? நம் பக்கத்துக் காரணங்களைச் சொல்லவே வேண்டாம். விழுந்ததும் "ரத்தக்கட்டுதான், நீவி விட்டா சரியாயிரும்" என்று ஒருவர் வருவார். கட்டுப் போடுகிறவர்கள் எல்லோரையும் குறை சொல்ல நான் வரவில்லை. முன்கை எலும்புக்கு வெளியிலிருந்து கட்டும் கட்டு எலும்பை அசையாமல் பிடிக்கும். இடுப்புக் கழுத்து அரையடி சதைக்குள்ளே, மூட்டுறைக்குள்ளே இருக்கு. வெளியே எத்தனை சுற்று மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் உள்ளே அது அசைந்துகொண்டுதான் இருக்கும். இழுத்து நீவினால் விலகாத முறிவு விலகும், தப்பியிருந்த குழாயும் கிழியும். அடுத்து, "இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா ஆபரேஷன், அந்தக் காசுக்கு பேத்திக்கு ஒரு தோடு வாங்கு" என்று அப்பத்தாவே சொல்லும். பேச்சு பாசமாக இருக்கும், கணக்கு தப்பு. படுத்தே கிடந்தால் வருவது படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்த உறைவு. உலக அளவில் இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். முதியவர்களுக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை நடக்கட்டும் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

முதியவருக்கும் இளைஞருக்கும் வைத்தியம் வேறு. இளைஞருக்குப் பந்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் எந்தச் செயற்கை மூட்டும் ஐம்பது வருஷம் கபடி ஆடாது. விலகிய துண்டைச் சரியாகப் பொருத்தி, பெரும்பாலும் மூணு ஸ்க்ரூ. பந்து குழியை விட்டே நழுவியிருந்தால் அவசரம் இன்னும் அதிகம், ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும். முதியவருக்கு விலகிய முறிவு என்றால் செத்துப்போகப் போகும் பந்துக்காகக் காத்திருப்பதில்லை. எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்துவிடுவார்கள், சில நாளில் எழுப்பி நடக்க வைப்பார்கள். ஆஸ்டின் மூர் என்பவர் பெயரில் வரும் உலோகப் பந்தின் தண்டில் ஓட்டைகள் இருக்கும், எலும்பு அதற்குள் வளர்ந்து பூட்டிக்கொள்ளட்டும் என்று. குழியும் தேய்ந்திருந்தால் முழு மூட்டு மாற்று. இங்கே மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு நல்ல தோல்விக் கதை இருக்கு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி குழிக்கு முதலில் டெஃப்லான் போட்டார். உராய்வு குறைவு, கணக்கு பிரமாதம். ஆனால் சில வருஷத்திலேயே அது தேய்ந்து, தேய்ந்த தூள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தது. 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். உராய்வு கொஞ்சம் கூடுதல், தேய்மானம் மிகக் குறைவு. அந்த இணைதான் நின்றது.

விழுந்த அன்றைக்கு என்ன பார்ப்பது? ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், காலை நீட்டியபடி தூக்க முடியாவிட்டால், முறிவு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட முறிவில் ஆள் நொண்டி நொண்டி வீட்டுக்கே நடந்து வருவார். தொடை இடுக்கில் வலி இருந்தால் படம் எடுத்தே ஆக வேண்டும். அந்த வகையைத்தான் பிடிக்க வேண்டும், பந்து பிழைக்க அதிக வாய்ப்பு அங்கேதான். தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ரெண்டையும் சேர்த்துத் துண்டால் கட்டி, கட்டிலோடோ பலகையோடோ தூக்குங்கள். ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்க வேண்டாம், 108க்குப் போடுங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை எப்போதும் இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் கையோடு எடுத்துப் போனால் ஒரு நாள் மிச்சம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு ஸ்டாட்டிக்ஸ் கணக்கு. வலது இடுப்பில் ஆபரேஷன். கம்பு எந்தக் கையில்? ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் வலது கையில் பிடிப்பார்கள், டாக்டர் இடது கை என்பார். மேலே போட்ட அதே 60 கிலோ ஆள். இடது கைக் கம்பு வலது மூட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளி ஊன்றுகிறது, கம்பின் மேல் 8 கிலோ மட்டும் கொடுக்கிறார். உடல் எடையின் திருப்பம் 50 × 12.5 = 625. கம்பு எதிர்த்திசையில் 8 × 50 = 400. மிச்சம் 225ஐ 5 செ.மீ. கையால் தசை சமாளிக்க 45 கிலோ போதும். மூட்டின் மேல் மொத்தம் 45 + 50 − 8 = 87 கிலோ. 175 கிலோ பாதியாகிவிட்டது, எட்டே கிலோ ஊன்றலில். வலது கையில் ஊன்றினால் திருப்பத்தின் திசையே மாறிவிடும், உடம்பை அந்தப் பக்கம் சாய்த்தால்தான் கொஞ்சமாவது பலன் கிடைக்கும். கம்பின் உயரம், நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரை. அடியில் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சிமென்ட் தரையில் முதலில் வழுக்குவது அதுதான்.